லாரிக்காரன் போட்ட வலது இண்டிகேட்டர்

இங்கிலாந்தில் என்னை இரண்டு தடவை ஃபெயில் ஆக்கியது மனுஷன் இல்லை, ஒரு மௌஸ். அதைக் கையில் கொடுத்து உட்கார வைத்து, எதிரே திரையில் ஒரு ரோட்டை ஓட விடுவார்கள். நாமே கார் ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி ரோடு ஓடும். எந்த இடத்தில் ஆபத்து உருவாகிறதோ அந்த இடத்தில் மௌஸை அமுக்க வேண்டும். சட்டென்று அமுக்கினால் முழு மார்க், தாமதித்தால் குறையும். டிரைவிங் லைசென்ஸுக்கு அங்கே இப்படி ஒரு பரீட்சை, இதில் பாஸானால்தான் ரோட்டில் ஓட்டிக் காட்டுகிற டெஸ்ட்டுக்கே விடுவார்கள். கேட்டவுடன், ப்பூ, இவ்வளவுதானா என்றேன். நெய்வேலி ஆர்ச் கேட்டிலிருந்து பண்ருட்டி வரைக்கும் கார் ஓட்டியவளுக்கு இவர்கள் ஆபத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்களா?

அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது. ஓரமாக நின்ற காருக்கு அமுக்கினேன், யாராவது கதவைத் திறப்பார்கள் என்று. நாயைப் பிடித்துக்கொண்டு நடந்த பெரியவருக்கு அமுக்கினேன், நாய் இழுத்துவிடும் என்று. சைக்கிளுக்கு, பஸ் ஸ்டாப்புக்கு, தெருமுனைக்கு, ஒரு குப்பைத் தொட்டிக்குக்கூட அமுக்கினேன். நம் ஊரில் குப்பைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து எது வேண்டுமானாலும் வரும். கம்ப்யூட்டர் என்னை ஏமாற்றுக்காரி என்று முடிவு கட்டிவிட்டது. கண்டபடி அமுக்குகிறாய், போ, இந்தப் படத்துக்கு மார்க்கே கிடையாது என்று எழுதிக் காட்டியது. இரண்டாவது தடவை, அடக்கி வாசிப்போம் என்று கையைக் கட்டிப்போட்டேன். அதற்கும் ஃபெயில். வெளியே வந்து கார் பார்க்கிங்கில் நின்று அந்த மௌஸைச் செய்தவனின் ஏழு தலைமுறையையும் நல்ல தமிழில் திட்டினேன்.

சிரிக்கிற விஷயம் இல்லை இது. நான் அங்கே வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். கார் இல்லாமல் அந்த வேலை இல்லை. நம் ஊர் லைசென்ஸை வைத்து ஒரு வருஷம்தான் ஓட்டலாம், அந்த வருஷம் முடியப் போகிறது. லைசென்ஸ் வாங்கவில்லை என்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று மேனேஜர் ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டாள். வேலை நிலைத்தால் என் வீட்டுக்காரர் சுதாகரும் மகள் இசைப்பிரியாவும் என்னோடு வந்துவிடலாம். போனால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்பது அந்த மௌஸின் கையில் இருந்தது.

மே மாதம் லீவில் நெய்வேலிக்கு வந்தேன். கத்திரி வெயில். எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோ நின்றதும் இசைப்பிரியா பாய்ந்து வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஆறாவது முடித்தவள், என் தோள் வரைக்கும் வளர்ந்துவிட்டாள். எனக்குத் தெரியாமல் எப்படி வளரலாம் என்று முதல் சண்டையே அவளோடுதான்.

சுதாகருக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் வேலை. நிலக்கரி ஓடுகிற பெல்ட்டைப் பார்த்துக்கொள்வது. பல வருஷம் கான்ட்ராக்டில் காய்ந்து கருகி, அப்புறம் பெர்மனென்ட் ஆனவர். பெர்மனென்ட் ஆன அன்றைக்கு எங்கள் பிளாக் முழுக்க ஜாங்கிரி கொடுத்தோம். நெய்வேலியில் பெர்மனென்ட் வேலையை விடுகிறேன் என்று ஒருவன் சொன்னால், அவனுக்கு மந்திரிக்க யாரையாவது கூட்டி வருவார்கள். அதனால் நான் இங்கிலாந்துக் கதை பேசும்போதெல்லாம் அவர், "மொதல்ல பாஸ் பண்ணு திலகா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த 'அப்புறம்' எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆனால் என்னைப் பாஸ் பண்ண வைப்பதில் மனுஷன் குறை வைக்கவில்லை. பயிற்சிப் படங்களை லேப்டாப்பில் போட்டு டிவியோடு இணைத்துவிட்டார். சாயந்திரம் பக்கத்து குவார்ட்டர்ஸ் தேவயானி அக்கா கிண்ணத்தில் சுண்டலோடு வந்து உட்கார்ந்தார். பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கிற நாசர் அண்ணனும் வந்தார், சுதாகருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். மேட்ச் பார்க்கிற கூட்டம் மாதிரி ஆகிவிட்டது. ரோடு ஓட ஆரம்பித்தது.

"அதோ, சைக்கிளு! அமுக்கு!" என்றார் தேவயானி அக்கா.

"அவன் ஓரமா போய்கினு இருக்கான்க்கா, அவன எதுக்கு அமுக்கணும்?" என்றார் சுதாகர்.

"ஓரமா போறவந்தான் சடார்னு நடுவுல வருவான். எங்க வூட்டுக்காரரு அப்படித்தான் வருவாரு."

"அம்மா, குட்டிப் பொண்ணு! பந்து வெச்சிகினு இருக்கா!" என்று கத்தினாள் இசைப்பிரியா.

நான் அமுக்கினேன். அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் திரையில் பெரிய பூஜ்யம். வீடே கொல்லென்று சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்! மௌஸைத் தூக்கி சோபாவில் எறிந்துவிட்டு, "யாரும் வாய தொறக்கக் கூடாது, தொறந்தா சுண்டல் கிண்ணம் பறக்கும்" என்றேன். தேவயானி அக்கா கிண்ணத்தை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

அடுத்த படம். ஊர்ப்புறத்து ரோடு. இரண்டு பக்கமும் பச்சை வேலி, முன்னால் ஒரு வெள்ளை வேன் மெதுவாகப் போகிறது. அதன் வலது பக்க இண்டிகேட்டர் மினுக் மினுக்கென்று எரிந்தது.

"நல்ல மனுஷன்யா, சைடு குடுக்கறான்" என்றார் நாசர் அண்ணன்.

"ஆமா, ஏறிப் போயிகினே இருக்கலாம்" என்றார் சுதாகர்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. லாரிக்காரன் வலது இண்டிகேட்டர் போட்டால், எதிரே யாரும் இல்லை, நீ தாண்டிப் போ என்று அர்த்தம். நம் பக்கம் எல்லோருக்கும் இது தெரியும். தாண்டும்போது ஒரு ஹாரன் அடித்து நன்றி சொல்வோம். அதனால் நான் அமுக்கவில்லை. வேன் சாவகாசமாக வலது பக்கச் சந்தில் திரும்பியது. படம் முடிந்து, மறுபடி பூஜ்யம்.

"திரும்புறவன் கைய காட்டணும்ல? அவன் மேலதான் தப்பு" என்றார் நாசர் அண்ணன்.

"இண்டிகேட்டர் போட்டானே, நாசர் மாமா" என்றாள் இசைப்பிரியா.

"அது சைடு குடுக்க போட்டதும்மா."

"அவன் திரும்பத்தான் போட்டான். அங்க இண்டிகேட்டர்னா திரும்பறது மட்டும்தான்."

எனக்குச் சுரீரென்று உறைத்தது. ஒரு வருஷமாக அந்த ஊர் ரோட்டில் ஓட்டுகிறேன். எதிரே வருகிறவன் லைட்டை மினுக்கினால், 'நீ முதலில் போம்மா' என்று அர்த்தம் என்பதைக்கூட அங்கே போய்த்தான் கற்றேன். இங்கே லைட்டை மினுக்கினால், 'நான் வர்றேன், ஒதுங்கு' என்று அர்த்தம். முதல் மாதம் ஒருத்தி எனக்கு லைட் போட்டு வழிவிட, நான் பயந்து பிரேக்கில் நிற்க, அவளும் நிற்க, இரண்டு பேரும் விடிய விடிய நிற்பது போல நின்றோம். அதெல்லாம் தெரிந்தும், வீட்டு சோபாவில் உட்கார்ந்தவுடன் என் கண் பழைய கண்ணாகிவிட்டது. வேண்டாததற்கெல்லாம் பதறுகிறேன், பதற வேண்டியதைச் சலுகை என்று நினைக்கிறேன். அப்புறம் எப்படி விளங்கும்?

மறுநாள் காலையில் நாசர் அண்ணனின் மாருதியை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். ஸ்டியரிங்கில் நான், இடது பக்கத்தில் சுதாகர், பின்னால் இசைப்பிரியா. ஆபத்து தெரிந்தால் நான் 'டக்' என்று சொல்ல வேண்டும், அவள் எண்ண வேண்டும். டவுன்ஷிப்புக்குள் மரநிழலில் ரோடுகள் அகலமாக, காலியாகக் கிடந்தன. ரவுண்டானாவில் வலப்பக்கம் வருகிற ஸ்கூட்டருக்காக நான் நின்றேன். ஸ்கூட்டர்காரர் இந்த மரியாதையை எதிர்பார்க்காமல் தானும் நின்றுவிட்டார். பின்னால் ஒருவன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை.

"ஏங்க, அங்க எல்லாம் இப்படித்தான் நிக்கணும்."

"அங்க நில்லு. இங்க நின்னா பின்னாடி ஏறுவான்."

பஜார் பக்கம் போனதும் என் வாய் ஓயவில்லை. டக், டக், டக், டக். தக்காளி வண்டி, டக். மாடு, டக். ஷிப்ட் முடிந்து வருகிற பைக் கூட்டம், டக் டக் டக்.

"அம்மா, நான் எண்ணலம்மா. நீ டைப் அடிக்கற மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

சுதாகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டினேன்.

"சிரிங்க. நான் ஃபெயிலாவறது உங்களுக்கு நல்லதுதான? பெர்மனென்ட்ட வுடாம, சொகமா இங்கயே இருக்கலாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் யோசித்தேன். எல்லாமே ஆபத்துதான், மாடும் ஆபத்து, மனுஷனும் ஆபத்து. ஆனால் எதைப் பார்த்து நான் என் காலை எடுக்கிறேன்? எதைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன்? படுத்திருக்கிற மாட்டுக்கு நான் ஒன்றும் செய்வதில்லை. அது எழுந்தால்தான் செய்கிறேன். சரி, இனிமேல் என் கால் மாறினால் மட்டும் டக், மற்றதுக்கெல்லாம் வாயைத் திறப்பதில்லை.

முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் வண்டியை விட்டேன். இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு, செம்மண், நடுநடுவே பலா. ஒரு சைக்கிள் போனது, சும்மா இருந்தேன். ஆட்டுக்கூட்டம் ஓரத்தில் மேய்ந்தது, சும்மா இருந்தேன். அதில் ஒரு குட்டி தார் ரோட்டைப் பார்த்துத் திரும்பியதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. டக். குட்டி துள்ளிக் குறுக்கே ஓடியது.

"அம்மா! கரெக்ட்டும்மா!" என்று பின்னால் குதித்தாள் இசைப்பிரியா.

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. பிடிபட்டுவிட்டது! அடி சக்கை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் முன்னால் அந்த லாரி வந்தது. பலாப்பழம் ஏற்றுகிற லாரி, காலியாக, தகர டப்பா மாதிரி கடகடத்துக்கொண்டு போனது. எங்களுக்குப் பின்னால் ஒரு கார் வேறு ஒட்டிக்கொண்டு வந்து ஹாரன் அடித்தது. எதிரே ரோடு காலி. லாரியின் வலது இண்டிகேட்டர் எரிந்தது.

"சைடு குடுத்துட்டான், ஏறு" என்றார் சுதாகர்.

நான் கியரை மாற்றி வலது பக்கம் லேசாக வெளியே எடுத்தேன். லாரி இன்னும் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கியது.

"பாரு, ஒதுங்கி வேற வழி வுடறான். போ, போ!"

அந்த இடத்தில் என் கண்ணில் ஒன்று பட்டது. கொஞ்சம் தூரத்தில், வலது பக்கத் தோப்பில், வேலி இல்லாத ஒரு வாய், வண்டி உள்ளே போகிற வழி. அதில் ஒரு ஆள் நின்று தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேல் வீசினான். யாரைக் கூப்பிடுகிறான்? எங்களை இல்லை. லாரி டிரைவரின் கை வெளியே வரவே இல்லை. சைடு கொடுக்கிறவன் கையை ஆட்டாமல் இருக்க மாட்டான். லாரி நீளம், இடது பக்கம் ஒதுங்கினால்தான் அந்த வாய்க்குள் வளைக்க முடியும்.

"டக்!"

கத்திவிட்டேன். கால் பிரேக்கில் இருந்தது. காரை மறுபடி லாரிக்குப் பின்னாலேயே இழுத்தேன்.

"என்னாடி டக்கு? ரோடு காலியா கெடக்கு, ஏறித் தொல—"

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் லாரி வளைந்தது. அந்தப் பெரிய உடம்பு மொத்தமும் ரோட்டின் குறுக்கே, வலது பக்கம், நாங்கள் போயிருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. பின்னால் வந்த கார் கிறீச்சென்று நின்றது. செம்மண் தூசி மேலே எழும்பி எதையும் காட்டவில்லை. துண்டுக்காரன், "வா, வா, வுடு, வுடு!" என்று லாரியை உள்ளே அழைத்துக்கொண்டிருந்தான், எங்களை அவன் பார்க்கவே இல்லை.

என் கை ஸ்டியரிங்கிலேயே ஒட்டிக்கொண்டது. லாரியின் பக்கவாட்டு இரும்புச் சட்டத்தைப் பார்த்தேன். நான் ஏறியிருந்தால் அது எந்தப் பக்கம் வந்திருக்கும் என்று கணக்குப் போடவே வேண்டாம். இடது பக்கம், சுதாகர் பக்கம்தான். அவர் கதவுதான், அவர் தோள்தான், அவர் தலைதான். எனக்குப் பயம் வருவதற்கு முன்னால் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு 'ங்க' போய்விடும்.

"ஏறு ஏறுன்னியே! ஏறியிருந்தா எங்கய்யா இருந்திருப்ப நீ? இந்தப் புள்ளைக்கு நான் என்னா பதில் சொல்லியிருப்பேன்? இனிமே என் பக்கத்துல உக்காந்துகினு வாய தொறந்தே, எறக்கி வுட்டுட்டுப் போயிடுவேன்!"

இசைப்பிரியா பின்னாலிருந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அழுதுகொண்டே திட்டினேன், திட்டிக்கொண்டே அவர் கையைப் பிடித்து விரல் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தேன். பின்னால் வந்த கார்க்காரர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார்.

"நல்ல வேள நின்னீங்க மேடம். நானும் சைடு குடுக்கறான்னுதான் நெனச்சேன்."

முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மகள் பிஸ்கட் வாங்கப் போனாள். சுதாகர் டீயைக் குடிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"திலகா, நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல."

"வேணாம்."

"நீ ஃபெயிலாவணும்னு நான் நெனைக்கல. ஆனா பாஸாயிட்டா என்னா பண்றதுன்னு பயமா இருக்கு. இங்க கேட்டுக்குள்ள போனா, சுதாகர்னு நாலு பேரு கூப்புடுவான். அங்க நான் யாரு? உன் வூட்டுல சமச்சுகினு, நீ எப்ப வருவேன்னு பாத்துகினு இருக்கணும். அந்த பயந்தான்."

எனக்கு இரக்கம் வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. "நான் ஒரு வருஷமா அங்க யாருங்க? தெனம் ராத்திரி போன வெச்சதும் நாலு செவுத்த பாத்துகினு சாப்புடறேன். எனக்கு மட்டும் பயம் இல்லையா?" என்றேன். அவர் தலையை ஆட்டினார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. டீ ஆறிப்போய்விட்டது.

லீவு முடிந்து திரும்பும்போது ஏர்போர்ட்டில்கூட அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. "நல்லா எழுது" என்றார். "மௌஸால எழுத முடியாது" என்றேன். சிரித்தோம், அவ்வளவுதான்.

பரீட்சை அன்றைக்குப் போனை வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டினார்கள். கேள்வி பதில் பகுதி முடிந்து ரோடு ஓட ஆரம்பித்தது. நின்ற கார்கள் நின்றுகொண்டே இருக்கட்டும் என்று விட்டேன். பெரியவரும் நாயும் நடக்கட்டும் என்று விட்டேன். ஓரமாக நின்ற ஒரு காரின் முன் சக்கரம் லேசாகத் திரும்பியது, அமுக்கினேன். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சின்னக் கால் தெரிந்தது, அமுக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் திரும்பிப் பார்த்தான். வாய்விட்டு 'டக்' என்றும் சொல்லியிருக்கிறேன் போல. கை சொன்னபடி கேட்டது.

ரிசப்ஷனில் ஒரு தாளை நீட்டினார்கள். பாஸ்! அந்தப் பெண்ணைக் கவுன்டருக்கு மேலேயே எட்டிக் கட்டிக்கொண்டேன். லாக்கரைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

சுதாகர் ஷிப்ட் முடிந்து திரும்புகிற பஸ்ஸில் இருந்தார். பின்னால் இரைச்சல்.

"பாஸுங்க! பாஸாயிட்டேன்!"

"ஏய்! பாஸாமே!" என்று அவர் பஸ்ஸுக்குள் கத்துவது கேட்டது. மொத்த ஷிப்டும் விசில் அடித்தது. யாரோ "திலகாக்கா வாழ்க" என்றார்கள். நான் மழையில் நனைந்துகொண்டே குதித்தேன்.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் அவர் குரல் மட்டும் பக்கத்தில் வந்தது.

"திலகா, ஒண்ணு சொல்லணும். திட்டாத. காலைல ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஆபீசுல வேலைய வுட்டுடறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதான் பசங்க எல்லாம் கூட வரானுங்க, பிரியாணி கேக்கறானுங்க."

எனக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. காலையில் என்றால், நான் பரீட்சை அறைக்குள் போவதற்கு முன்னால்.

"ரிசல்ட்டே வரலையேய்யா அப்போ! பைத்தியமா உனக்கு? பெர்மனென்ட் வேலைய! நான் ஃபெயிலாயிருந்தா? இன்னும் ரோட்டுல ஓட்டிக் காட்டுற டெஸ்ட் வேற பாக்கி இருக்கு, தெரியுமா? அதுல போச்சுன்னா மூணு பேரும் எங்க போயி நிக்கறது?"

"தெரியும், தெரியும். கத்தாத, ஸ்பீக்கர்ல இருக்கு."

"இருக்கட்டும்! எல்லாரும் கேக்கட்டும்! எந்த தைரியத்துல சொல்லிட்டு வந்த?"

பஸ்ஸுக்குள் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"அந்த டெஸ்ட்டு முடிஞ்சுபோச்சு திலகா. நான்தான் பக்கத்து சீட்ல உக்காந்து பாத்தேனே."